போவதற்கு இடம் எங்கே?
ஊவாத் தோட்டங்களும் பல்கலைக்கழக ஆய்வும்

பதுளையிலிருந்து வரும் வீதி ஹாலிஎலயில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வெலிமடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிறது. ஏ16 என்று இலக்கமிடப்பட்ட மற்றது தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை என்று தேயிலை மலைகளை ஒட்டியே போய்ப் பெரகலையில் முடிகிறது. பெரகலையிலிருந்து வெல்லவாய பக்கம் இறங்கினால் கொஸ்லந்தை. அதன் மேலே மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் அந்தத் தோட்டப் பிரிவில் (டிவிஷனில்) தொழிலாளர் வசிக்கும் லயங்கள் மீது மலை சரிந்து விழுந்தது.

அந்த மலை சரியக்கூடும் என்பது முன்பே தெரிந்திருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடத்தின் ஆபத்தை எடுத்துக்காட்டி, குடியிருப்போரை அப்புறப்படுத்த வேண்டும் என்று சொல்லியிருந்தது. ஆய்வு சரியாகவே இருந்தது. எச்சரிக்கையும் பிந்தி வரவில்லை. முதல் எச்சரிக்கைக்கும் மண் சரிந்த காலைக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் இருந்தன. அந்த ஒன்பது ஆண்டுகளும் மக்கள் அதே லயத்தில்தான் சோறு பொங்கினார்கள், அதே லயத்திலிருந்துதான் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்குப் போனார்கள்.

மலையகத் தோட்டங்களைப் பற்றிய ஆய்வுக்கு இனிப் பணமும் காலமும் செலவிடுவதாக இருந்தால், எப்படிப்பட்ட ஆய்வுக்குச் செலவிட வேண்டும் என்ற கேள்விக்கு மீரியபெத்தையைத் தாண்டிப் பதில் தேட முடியாது. தோட்ட மக்களும் பல்கலைக்கழகமும் சேர்ந்து கேள்வியை அமைத்து, சேர்ந்து அளந்து, கிடைத்த முடிவை அதிகாரம் உள்ள மேசை வரைக்கும் சேர்ந்தே கொண்டுபோகும் ஆய்வுக்கே முதலிடம் தரவேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். பங்கேற்பு என்பது நல்ல பண்பு என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. மக்களை விட்டுவிட்டுச் செய்த ஆய்வு, அறிவியல் அளவிலும் பாதியிலேயே நின்றுபோகிறது என்பதற்கு மலையகம் ஒரு நூற்றாண்டுச் சான்று வைத்திருக்கிறது.

எச்சரிக்கைக்கும் இடப்பெயர்வுக்கும் இடையில்

மண்சரிவுக்குப் பிறகு எழுந்த விவாதம் பலருக்கு நினைவிருக்கும். எச்சரித்தோம், அவர்கள் போகவில்லை என்பது அதிகாரிகள் தரப்பு. போகச் சொன்னால் எங்கே போவது, மாற்று இடம் யார் தந்தார்கள் என்பது மக்கள் தரப்பு. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன. ஆய்வு கேட்ட கேள்வி, ஆபத்து எங்கே இருக்கிறது என்பது. மக்களின் கேள்வி, போவதற்கு இடம் எங்கே இருக்கிறது என்பது. முதற்கேள்விக்கு வரைபடம் கிடைத்தது. இரண்டாவதை ஆராய யாரையும் யாரும் நியமிக்கவில்லை.

அந்த இரண்டாவது கேள்வி ஏன் அவ்வளவு கடினம் என்பதைத் தோட்டத்தின் காணி வரலாறு விளக்கும். 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் முகாமை தனியார் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனது. காணி அரசினுடையது, நிர்வாகம் கம்பனியுடையது. நான்கைந்து தலைமுறையாக அந்த நிலத்திலேயே பிறந்து அந்த நிலத்திலேயே புதைக்கப்படும் மக்களுக்கு லயத்துக் காம்பராவின் மீதுகூட உறுதி கிடையாது. கிராமத்துக் குடியானவர் ஒருவருக்கு ஆபத்து அறிவித்தல் வந்தால், அவரிடம் விற்கவோ மாற்றவோ ஒரு துண்டு நிலமாவது இருக்கலாம். லயத்தில் இருப்பவருக்குத் தோட்டத்தைவிட்டு வெளியேறுவது வேலையையும் கூரையையும் ஒரே நாளில் இழப்பதாக முடியும்.

குடியுரிமை வரலாறும் இதோடு பின்னியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல்தான். பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சட்டத் தடையின்றிச் செலவு செய்ய 2018இன் திருத்தம்வரை காத்திருக்க நேர்ந்தது. ஆக, 2005இல் முதல் எச்சரிக்கை வந்தபோது, அதைக் கையில் எடுத்து நடவடிக்கையாக மாற்றக்கூடிய அலுவலகம் எது என்பதே தெளிவில்லாத நிலைமை. தோட்டத்துரையா, பிரதேச செயலாளரா, கொழும்பில் இருக்கும் அமைச்சா?

உயிர் தப்பியவர்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மக்கல்தெனியவில் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையில் வாழ்ந்தார்கள். 2016இல்தான் புது வீடுகளுக்குக் குடிபோனார்கள். காணி கண்டுபிடிக்கலாம், வீடு கட்டலாம் என்பதை அந்த வீடுகள் காட்டின. மண் சரிந்த பிறகு முடிந்த காரியம், சரிவதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகளில் ஏன் முடியவில்லை என்பதுதான் சமூக ஆய்வாளருக்குரிய கேள்வி. மண்ணியல் மட்டும் படித்தவர் அதற்குப் பதில் சொல்ல முடியாது. லயத்தில் இருப்பவரும் தனியாகச் சொல்ல முடியாது. இருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய இடம் இதுதான்.

எண்ணப்பட்ட மக்கள்

தோட்ட மக்களைப் பற்றி ஆய்வே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. இலங்கையில் இவர்களைப் போல எண்ணப்பட்ட, எடைபோடப்பட்ட, இரத்தம் எடுக்கப்பட்ட சமூகங்கள் அதிகம் இல்லை. ஆரம்பம் காலனித்துவக் காலத்திலேயே. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் சர்வதேசச் சுகாதாரச் சபை 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. தொழிலாளரின் மலம் பரிசோதிக்கப்பட்டது, சீனோப்போடியம் எண்ணெய் கொடுக்கப்பட்டது, புழு வெளியேறியது. அந்தக் காலத்து அளவில் மிகத் திட்டமான அறிவியல் வேலை அது.

ஆனால் புழு திரும்பி வந்தது. மலசலகூடம் கட்டுவது செலவு. தோட்டச் சொந்தக்காரர்கள் அதில் ஆர்வம் காட்டவில்லை. சிகிச்சை பெற்ற தொழிலாளி செருப்பில்லாத காலோடு அதே மண்ணில் நடந்தார். மருந்து ஆராயப்பட்டது, தொழிலாளி ஆராயப்பட்டார். தோட்டத்தின் கணக்குப் புத்தகம் ஆராய்ச்சிக்கு வெளியே நின்றது. அந்த அனுபவத்துக்குப் பின் சபையின் கவனம் நோய் வருமுன் காக்கும் சுகாதாரத்தின் பக்கம் திரும்பி, 1926இல் களுத்துறையில் சுகாதார அலகு பிறந்தது. இலங்கைப் பொதுச் சுகாதாரத்தின் பெருமைக்குரிய அந்த அத்தியாயத்துக்குப் பின்னால் தோட்டத்துக் கால்களின் பாடம் இருக்கிறது. பாடத்தின் பயன் முதலில் போய்ச் சேர்ந்தது தோட்டத்துக்கு அல்ல.

இன்றைய எண்களும் குறைவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடையே வயதுக்கேற்ற உயரமின்மை நாடளவில் 17 வீதமளவில் இருந்தபோது தோட்டத் துறையில் அது 31 வீதத்தைத் தாண்டியிருந்தது. 2019இன் வீட்டு வருமான, செலவின அளவீட்டில் நாட்டின் வறுமை 14.3 வீதம், தோட்டத் துறையில் 33.8 வீதம். ஒவ்வொரு அளவீட்டிலும் அதே இடைவெளி, அதே கடைசி வரி. இந்த எண்கள் அவசியமானவை. இவை இல்லாவிட்டால் இந்த இடைவெளியை மறுப்பவர்களுக்குப் பதில் சொல்ல முடியாது. எனினும் அவை கணக்கெடுக்கப்பட்ட தாயின் கைக்குத் திரும்பி வருவதில்லை. தன் டிவிஷனில் எத்தனை பிள்ளைகள் குட்டையாக வளர்கிறார்கள் என்பது அவளுக்கு அறிக்கையில் தெரிவதைவிடக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் வாசலில் நன்றாகத் தெரியும். அவள் அறிந்ததை அறிக்கை கேட்பதில்லை. அறிக்கை அறிந்தது அவளுக்கு எட்டுவதில்லை.

ஆழமான ஆய்வு நூல்களும் உண்டு. தோட்டப் பாடசாலைகளின் வரலாற்றை ஏஞ்சலா லிட்டில் 1999இல் எழுதினார். குமாரி ஜயவர்தனவும் ரேச்சல் குரியனும் வர்க்கம், ஆணாதிக்கம், இனம் மூன்றும் தோட்டத்தில் எப்படிப் பிணைந்தன என்பதை 2015இல் விரிவாக ஆராய்ந்தார்கள். மைத்திரி ஜெகதீசன் 2019இல் வெளியிட்ட நூல், போருக்குப் பிந்திய காலத்தில் தோட்டப் பெண்களின் உழைப்பையும் அவர்கள் தமக்குள் கட்டிய ஒற்றுமையையும் பேசுகிறது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் சந்திரபோஸ், பேராதனையின் சின்னத்தம்பி, விஜேசந்திரன் போன்றோர் தோட்டத்தின் பொருளாதாரத்தையும் அரசியலையும் தொடர்ந்து எழுதியவர்கள். கண்டியில் பாதிரியார் போல் கஸ்பர்ஸ் 1972இல் தொடங்கிய சத்தியோதய நிலையம், சிங்களக் கிராமத்தவரையும் தோட்டத் தமிழரையும் ஒரே கூரையின் கீழ் கூட்டி ஆராய்ச்சியையும் செயலையும் இணைத்த முன்னோடி. இவர்கள் எல்லோருக்கும் கடன்பட்டுத்தான் நாம் பேசுகிறோம். ஆனால் இந்த நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில். விலை ஒரு தொழிலாளியின் பல நாள் சம்பளம். கிடைக்கும் இடம் நூலகம் உள்ள நகரம்.

கேள்வியைக் கேட்கும் உரிமை

மக்களோடு சேர்ந்து ஆராய்வது வெளிநாட்டிலிருந்து இறங்கிய புதுமை என்று நினைப்பவர்கள் உண்டு. இலங்கை இதில் பிந்தி வந்த நாடு அல்ல. 1970களின் இறுதியில் கிராமப்புறங்களில் மாற்றத் தூண்டுநர் திட்டம் நடந்தது. அதிலிருந்து வளர்ந்து 1980இல் பிடா என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்ட நிறுவனம் உருவானது. பொருளியல் ஆசிரியரான எஸ். திலகரட்ன இந்த அனுபவத்தைத் தொகுத்து எழுதியதைச் சர்வதேச தொழில் தாபனம் 1987இல் வெளியிட்டது. அந்த முறை எளிமையானது. வெளியிலிருந்து வருபவர் பதில் சொல்ல மாட்டார். தாங்கள் விற்கும் பொருளின் விலை எங்கெங்கே தங்கிப் போகிறது, யார் கையில் எவ்வளவு நிற்கிறது என்பதை உற்பத்தி செய்பவர்களே கணக்கிட்டுப் பார்க்கத் துணை நிற்பார். கணக்குப் போட்டவர்களே அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிப்பார்கள்.

அதே காலத்தில் கொலம்பியாவில் ஓர்லாண்டோ ஃபல்ஸ் போர்டா, தன்சானியாவில் மார்ஜா-லீசா ஸ்வான்ட்ஸ், இந்தியாவில் ராஜேஷ் தாண்டன் என்று பலர் ஒரே திசையில் நடந்தார்கள். தாண்டன் 1982இல் புது டில்லியில் தொடங்கிய பிரியா அமைப்பு இன்றும் இயங்குகிறது. 2012இல் அவரையும் கனடாவின் பட் ஹாலையும் இணைத் தலைவர்களாகக் கொண்டு, சமூகம் சார்ந்த ஆய்வுக்கும் உயர்கல்வியின் சமூகப் பொறுப்புக்குமான யுனெஸ்கோ இருக்கை ஒன்று நிறுவப்பட்டது.

இந்த மரபு முழுவதையும் ஒரே கேள்வியில் சோதிக்கலாம்: ஆய்வுக் கேள்வியை யார் முடிவுசெய்தார்கள்? படிவத்தை நிரப்பக் கிராமத்து இளைஞரை அமர்த்துவதும், முடிவைச் சொல்லும் நாளில் மக்களுக்குத் தேநீர் கொடுத்து உட்கார வைப்பதும் பங்கேற்பு என்று அறிக்கையில் எழுதப்படுகின்றன. இவற்றில் தவறு இல்லை. ஆனால் ஆபத்து எங்கே என்ற கேள்வியோடு வந்த குழு, போவதற்கு இடம் எங்கே என்ற கேள்வியோடு திரும்பிப் போனால் மட்டுமே அங்கே கூட்டு நடந்திருக்கிறது.

ஏ16 வீதியைச் சுற்றி மூன்று பாடங்கள்

ஹாலிஎலயைச் சுற்றி இப்படிப்பட்ட கூட்டு ஆய்வைச் செய்துபார்ப்பதற்கு வேண்டிய எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையில் இருக்கிறது. தேயிலைத் தொழில்நுட்பம் அங்கே பட்டப்படிப்பு. தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஊவாக் கிளை பசறையில் இருக்கிறது. மாணவர், ஆய்வுகூடம், தோட்டம் மூன்றும் ஒரே பஸ் பாதையில் கிடைக்கும் மாவட்டங்கள் நாட்டில் அதிகமில்லை.

முதற்பாடம் அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலிலேயே உள்ளது. அதை ஒட்டியுள்ள பதுளுசிறிகமச் சரிவு மெதுவாக நகரும் நிலம். ஜப்பான் சர்வதேச ஒத்துழைப்பு முகவரகத்தின் துணையோடு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நிலச்சரிவுத் தடுப்பு வேலையைச் செய்துகாட்டத் தேர்ந்தெடுத்த முன்னோடி இடங்களில் அதுவும் ஒன்று. நகர்வை அளக்கக் கருவி வைத்தார்கள், நீரை வடித்தார்கள். சரிந்துகொண்டிருக்கும் நிலத்தைப் பொறியியலால் நிதானப்படுத்த முடியும் என்பதற்கு அது நல்ல உதாரணம். அதே மாவட்டத்தில், அதே மாதிரி மண்ணில் நிற்கும் லயங்களுக்குப் பெரும்பாலும் வந்து சேர்வது ஆபத்து வலயம் என்ற அறிவிப்பு. கருவி எங்கே வைப்பது, கடிதம் எங்கே அனுப்புவது என்பதை எது தீர்மானிக்கிறது என்ற கேள்வி பொறியியல், அரசறிவியல் மாணவர்கள் சேர்ந்து எழுத வேண்டிய ஆய்வு.

இரண்டாவது பாடம் பண்டாரவளையில். உமாஓயாத் திட்டத்துக்காகச் சுமார் 15 கிலோமீற்றர் நீளச் சுரங்கம் தோண்டியபோது, 2014 இறுதியில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டது. மேலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் பண்டாரவளையில் பெருந்திரளாக வீதிக்கு வந்தார்கள். திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டியது, முன்னைய நீர்மட்டம் பற்றிய பதிவு. எந்தக் கிணற்றில் எந்த மாதத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்பது கிணற்றுக்காரருக்குத் தெரியும். அவர் அதை எழுதிவைப்பதில்லை. எழுதாத அறிவு நட்டஈட்டு மேசையில் செல்லாது. சுரங்கம் தோண்டுவதற்கு ஐந்து வருடம் முன்பே பாடசாலை மாணவர்கள் மாதத்துக்கு ஒருமுறை கயிறு இறக்கி அளந்து கொப்பியில் எழுதியிருந்தால், அந்தக் கொப்பிகளுக்கு ஒரு பல்கலைக்கழகத் துறை கையொப்பம் இட்டிருந்தால், வாக்குவாதத்தின் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும். செலவு, ஒரு கயிறும் ஒரு கொப்பியும் ஐந்து வருடப் பொறுமையும்.

மூன்றாவது பாடம் மழை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல் சொல்லத் தெளிவானது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150ஐத் தொட்டாலோ ஒரு மணிநேரத்தில் 75 பெய்தாலோ வெளியேற்றம். ஆனால் மலைநாட்டில் ஒரு மழை எல்லா மலைக்கும் ஒரே மழை அல்ல. கிழக்கே பார்த்த சரிவில் கொட்டும்போது அடுத்த முகட்டில் தூறலாக இருக்கும். பதுளை நகரத்து மானியின் கணக்கு மேல் டிவிஷனுக்குப் பொருந்தாது. அதனால்தான் ஊரவர்களே பார்த்துச் சொல்லும் எளிய மழைமானிகள் இந்த மாவட்டத்தில் சில இடங்களில் கொடுக்கப்பட்டன. நல்ல தொடக்கம். அதை ஆய்வாக வளர்ப்பதென்றால் மானியோடு இன்னும் சில பதிவுகள் சேர வேண்டும்: லயத்துச் சுவரின் வெடிப்பு எத்தனை விரல் அகன்றது, பீலியில் வரும் தண்ணீர் எந்த நாளில் கலங்கியது, எந்த மரம் சாய்ந்தது. தோட்டத்தில் வயதானவர்கள் இவற்றைப் பார்த்துத்தான் மலையின் மனநிலையைச் சொல்கிறார்கள். இந்தக் குறிகளில் எது நம்பத்தக்கது, எது நம்பத்தகாதது என்று பிரித்துப் பார்ப்பது நிலவியலுக்கே பயனுள்ள வேலை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொட்டிய மழையில் பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் மலைகள் பல இடங்களில் இறங்கின. நாடு முழுவதிலும் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மீரியபெத்தைக்குப் பதினொரு வருடம் கழித்தும் கேள்வி மாறவில்லை. ஆபத்து வலயத்தில் இருப்பவர்களை எங்கே குடியமர்த்துவது, அந்தக் காணியை யார் விடுவிப்பது, உறுதி யார் பெயரில் எழுதுவது. இவற்றுக்குச் சூறாவளி வந்த வாரத்தில் பதில் தேட முடியாது. அமைதியான வருடங்களில் டிவிஷன் வாரியாகச் செய்து முடிக்க வேண்டிய கணக்கு இது.

அந்தக் கணக்கு எப்படி இருக்கும்? ஹாலிஎலப் பிரதேசத்தில் ஒரு டிவிஷனை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு காம்பராவிலும் யார் யார் இருக்கிறார்கள், அவர்களில் தோட்டத்தின் செக்ரோலில் (வேலைப் பதிவேட்டில்) பெயர் உள்ளவர் எத்தனை, கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போனவர் எத்தனை என்ற பட்டியல் முதலில். மீரியபெத்தையில் காணாமல் போனோர் எண்ணிக்கை தொடக்கத்தில் நூற்றுக்கணக்காகச் சொல்லப்பட்டுப் பின்னர் பெரிதும் குறைந்ததை நினைத்தால், இந்தப் பட்டியலின் பெறுமதி விளங்கும். அடுத்து, தோட்டத்துக்குள்ளேயே தேயிலை பிடுங்கப்பட்டுக் காடாகிக் கிடக்கும் துண்டுகளில் எது சரிவு குறைந்தது, தண்ணீர் உள்ளது, பாடசாலைக்கும் வேலைக்கும் நடக்கக்கூடியது என்று மக்களும் மாணவர்களும் சேர்ந்து நடந்து குறிக்கும் வரைபடம். மூன்றாவது, அந்தத் துண்டின் சட்ட நிலை. இந்த மூன்றும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டுப் பிரதேச செயலகத்தில் கையளிக்கப்பட்டால், ஆபத்து அறிவித்தலோடு மாற்றிடமும் ஒரே கோப்பில் இருக்கும். குடும்பத்துக்கு 7 பேர்ச் என்ற கொள்கை 2015க்குப் பின் பேச்சளவில் எல்லோருக்கும் தெரியும். எந்த 7 பேர்ச் என்பதைச் சொல்லும் ஆய்வு இன்னும் தேவை.

சமூகம் என்றால் யார்

இந்த வழியில் தடைகளும் இருக்கின்றன. அவற்றை மறைத்து எழுதினால் இந்த வாதமும் திட்ட அறிக்கை ஆகிவிடும். முதல் தடை வாசலில். தோட்டத்துக்குள் ஆய்வு செய்ய நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி தந்தவர் பக்கத்தில் நிற்கும்போது தொழிலாளி தரும் பதிலும், இரவு எட்டு மணிக்கு அவர் காம்பராவில் தரும் பதிலும் வெவ்வேறு. பல்கலைக்கழகம் ஒரு நிறுவனமாக முன்னின்று எழுத்தில் அனுமதி பெற்றால் தனி மாணவருக்கு இல்லாத பலம் கிடைக்கும். நிர்வாகத்தையும் எதிராளியாக வைக்க வேண்டியதில்லை. மலை சரிந்தால் நட்டம் கம்பனிக்கும்தான்.

இரண்டாவது தடை இன்னும் நுட்பமானது. சமூகத்தோடு கூட்டு என்று சொல்லும்போது எந்தச் சமூகம்? தோட்டத் தலைவரா, தொழிற்சங்க மாவட்டப் பிரதிநிதியா, கோவில் கமிட்டியா, மாதர் சங்கமா? கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சங்கக் கூட்டத்தில் பேசுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். சாதி பேசப்படுவதில்லை, ஆனால் எந்த லயத்தில் யார் இருப்பது என்பதில் தெரியும். தலைவரை மட்டும் சந்தித்துவிட்டு மக்கள் சம்மதித்தார்கள் என்று எழுதும் ஆய்வு, இருக்கும் அதிகாரத்துக்குப் பட்டம் கட்டுகிறது. தோட்டத்தை ஒட்டிய சிங்களக் கிராமங்களும் அதே சரிவில் நிற்கின்றன. அவர்களை விட்டுவிட்டுத் தோட்டத்தை மட்டும் படித்தால் மலையைப் பாதியாகப் படித்ததாகும், நாளைய பகைக்கும் விதை போட்டதாகும்.

மூன்றாவது, அறிவியலின் பக்கமிருந்து வரும் நியாயமான சந்தேகம். மக்களோடு சேர்ந்தால் ஆய்வு போராட்டத் துண்டுப்பிரசுரமாகிவிடாதா? ஆகலாம், கூட்டு முடிவில் இருந்தால். கேள்வியில் கூட்டு இருந்து, அளவும் முறையும் யாரும் திருப்பிச் செய்து பார்க்கும்படி திறந்திருந்தால் ஆகாது. மழைமானியில் 60 மில்லிமீற்றர் நின்றால் 60 என்றே எழுத வேண்டும், 75 ஆகவில்லையே என்ற ஏமாற்றம் யாருக்கு இருந்தாலும். மக்கள் எதிர்பார்க்காத விடை வரும்போது அதை அவர்கள் முன்னால் வைக்கத் துணிவதே இந்த முறையின் நேர்மைச் சோதனை.

பணம் எங்கே போக வேண்டும்

ஆய்வை ஆதரிப்பது என்றால் நம் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கருவிக்கும் மாநாட்டுப் பயணத்துக்கும் பணம் தருவது. கூட்டு ஆய்வுக்கான செலவுப் பட்டியல் வேறு மாதிரி. நாள் முழுக்க வரைபடம் வரைய வந்த பெண்ணுக்கு அன்றைய பேர் (நாள் வேலைப் பதிவு) விழாது. அந்தப் பேருக்குரிய கூலியை ஆய்வு நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். அது நன்கொடை அல்ல, சக ஆய்வாளருக்குரிய ஊதியம். மொழிபெயர்ப்பு இரண்டாவது செலவு. ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்தில் எழுதும் துறைகளுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக எழுதக்கூடியவர் நிரந்தரமாக வேண்டும். மூன்றாவது செலவு காலம். அறிக்கை முடிந்த பிறகு ஒன்றிரண்டு ஆண்டுகள் பிரதேச செயலகத்துக்கும் மாகாண அலுவலகத்துக்கும் கோப்போடு அலைய ஒருவருக்குச் சம்பளம் வேண்டும். நிதி தருபவர்கள் பொதுவாக அறிக்கையோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். மீரியபெத்தையில் 2005க்குப் பிறகு தேவைப்பட்டது அந்த மூடிய கணக்குக்கு அப்பால் வரும் வேலைதான்.

வெளிநாட்டு முன்மாதிரிகளில் இரண்டு நமக்குப் பொருந்தும். கனடாவின் சமூக அறிவியல், மனிதப் பண்பியல் ஆய்வுச் சபை 1999இல் தொடங்கிய சமூக - பல்கலைக்கழக ஆய்வுக் கூட்டணித் திட்டம், தனிப் பேராசிரியருக்குப் பதில் ஊர் அமைப்பும் பல்கலைக்கழகமும் சேர்ந்த கூட்டணிக்குப் பல ஆண்டு நிதி கொடுத்தது. தென்னாபிரிக்காவின் சான் மக்கள், பல பத்தாண்டுகளாகத் தங்கள் உடலையும் மூலிகை அறிவையும் ஆராய்ந்தவர்களைக் கண்டு சலித்து, 2017இல் தங்களுக்கென ஓர் ஆய்வு நெறிக்கோவையைத் தாங்களே வெளியிட்டார்கள்: மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, இவற்றோடு முறையான நடைமுறை. தோட்டத்துக்கு வரும் ஆய்வாளர் முதலில் படித்துக் கையொப்பமிட வேண்டிய அப்படியொரு ஒற்றைப் பக்கத்தை ஊவாவின் மாதர் சங்கங்களும் இளைஞர் கழகங்களும் எழுதினால், அது இந்த நாட்டுக்கே முன்மாதிரியாகும். சேகரித்த தரவின் பிரதி எந்த மொழியில், எத்தனை மாதத்துக்குள், யாரிடம் ஒப்படைக்கப்படும் என்பதே அதன் முதல் வரியாக இருக்கட்டும்.

பல்கலைக்கழகத்தின் உள்வீட்டிலும் ஒரு மாற்றம் வேண்டும். உலக வங்கியின் துணையோடு 2017இல் தொடங்கிய உயர்கல்வி விரிவாக்கத் திட்டம், அரச பல்கலைக்கழகங்களில் வணிக நிறுவனங்களோடு இணைப்பதற்கான அலகுகளை வளர்த்தது. கம்பனி ஒன்று தன் பிரச்சினையோடு வந்தால் தட்டுவதற்கு ஒரு கதவும் உட்கார ஒரு மேசையும் இருக்கின்றன. ஹாலிஎலத் தோட்டத்து இளைஞர் கழகம் சுவர் வெடிப்பின் படத்தோடு வந்தால் தட்டுவதற்கும் அதே வரவேற்புள்ள கதவு வேண்டும். இளம் விரிவுரையாளர் ஒருவர் மூன்று வருடம் டிவிஷன் டிவிஷனாக நடந்து, ஒரு குடியிருப்பை இடம்மாற்றும் கோப்பை நிறைவேற்றினால், பதவி உயர்வுப் படிவத்தில் அதற்குச் சஞ்சிகைக் கட்டுரைக்கு நிகரான புள்ளி கிடைக்க வேண்டும். இல்லையென்றால் நல்ல மனம் உள்ளவர்களும் அந்தப் பக்கம் ஒருமுறை போய்விட்டு நின்றுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஒரு டிவிஷனில் ஒரு சோதனை ஆய்வுக்கு ஆகும் செலவு, சரிந்தபின் மண்ணைத் தோண்டும் இயந்திரங்களுக்கும் முகாம்களுக்கும் ஆகும் செலவில் சிறு துளி. ஆனால் மீட்புக்குப் பணம் கேட்டால் யாரும் கணக்குக் கேட்பதில்லை. முன்கூட்டிய ஆய்வுக்குக் கேட்டால் என்ன பயன் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பல்கலைக்கழகம் தனியாகப் பதில் சொன்னால் அது நிதிக்கான விண்ணப்பமாகவே படிக்கப்படும். தோட்ட மக்கள் தங்கள் பெயரிட்ட பட்டியலோடும் வரைபடத்தோடும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால், எதிர்மேசையில் இருக்கும் அதிகாரி மழை தொடங்குவதற்கு முன் ஒரு திகதியைக் குறிக்க வேண்டியிருக்கும். ஆய்வுக்கு நிதி தருபவர்கள் விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்: இந்த ஆய்வின் முடிவில் எந்த அலுவலகத்தில், எந்தக் கோப்பில், யாருடைய கையொப்பத்தை எதிர்பார்க்கிறீர்கள், அதைக் கேட்கப் போகும்போது உங்களோடு வருவது யார்? பதில் எழுத முடியாத விண்ணப்பத்துக்குப் பணம் தர வேண்டியதில்லை.